புல்லட் செயின் நாட்குறிப்பு: டிரம்மைக் காப்பாற்றும் கணக்கு

2026 ஜனவரி 11

வந்திருப்பது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350. நாலு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் முன்னால் 16 பல், பின்னால் 38. மெதுவாகப் போகும்போது செயின் கவருக்குள் கடக் கடக் என்று சத்தம். ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடித்தால் ஓர் உதறல். செயின் செட்டை (செயின், முன்பின் ஸ்ப்ராக்கெட் இரண்டு) மொத்தமாக மாற்றலாமா என்பதுதான் கேள்வி.

வேறு வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். பின் ஸ்ப்ராக்கெட்டின் நட்டுகளைக் கழற்றிப் புதிதைப் போட்டுவிட்டுப் போகலாம். இந்தப் புல்லட்டில் பின் பற்கள் பிரேக் டிரம்மோடு சேர்ந்தே வருகின்றன. பல் போனால் டிரம்மும் போனது. முன் ஸ்ப்ராக்கெட்டோ கிளட்ச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது; அதைத் தொட எஞ்சினையும் கிளட்ச்சையும் இணைக்கும் செயின் இருக்கும் பெட்டி, அதாவது பிரைமரி கேஸ் முழுவதையும் பிரித்தாக வேண்டும். மூன்றில் மலிவானதும் கைக்கு எட்டுவதும் செயின் ஒன்றுதான். எனவே அதைச் சீக்கிரமே தூக்கிப் போட்டு மற்ற இரண்டையும் காப்பாற்றுவதுதான் லாபம். 2 சதவீத நீட்சி வரை ஓட்டலாம் என்பது பொதுவான வரம்பு. இந்த வண்டிக்கு 1.5 சதவீதத்திலேயே மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

செயினைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை. டிரம்முக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்கும் நடுவில் ரப்பர் துண்டுகள் உண்டு. அவை தேய்ந்தாலும் இதே உதறல் வரும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். பிரேக் டிரம்மைத்தான் பிடிக்கிறது. ஆகவே அதற்கு மேல் சக்கரம் ஆடினால் அந்த ஆட்டம் ரப்பருடையது. இந்த வண்டியில் ஆட்டம் மிகக் கொஞ்சம். ரப்பர் தப்பியது.

ஜனவரி 12

கழற்றுவதற்கு முன் இறுக்கமான இடம் எது என்று பார்த்தோம். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, கீழ்ச் செயினின் நடுவில் மேலும் கீழும் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தால் ஓரிடத்தில் 45 மி.மீ., இன்னோரிடத்தில் 25.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளச் சாக்பீஸ் போதும். இறுகும் நேரத்தில் டயரில் ஒரு கோடு, அப்போது கீழே நடுவில் நிற்கும் கண்ணியில் ஒரு கோடு. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் டயர்க் கோடு அதே இடத்துக்கு வரும்போது இறுகினால் டிரம் மையம் விலகி ஓடுகிறது. சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு தடவைக்கு மேல் இறுகித் தளர்ந்தால் முன் ஸ்ப்ராக்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். 38-ஐ 16-ஆல் வகுத்தால் 2.375, அது அத்தனை முறை சுற்றும். குறியிட்ட கண்ணி திரும்பி வரும்போது மட்டும் இறுகினால் செயின் சீரில்லாமல் தேய்ந்திருக்கிறது. இங்கே கண்ணியோடுதான் இறுக்கம் வந்தது.

ஜனவரி 13

செயினை உருவும்போது அதன் வாலில் வேறொரு பழைய செயினை லாக் (இரு முனைகளைச் சேர்க்கும் இணைப்புக் கண்ணி) போட்டுக் கோத்துவிட வேண்டும். இந்தப் பக்கம் இழுக்க, பழையது முன் ஸ்ப்ராக்கெட்டின் மேல் போய் உட்காரும்; பிறகு புதியதை அதே வழியில் இழுத்துக்கொள்ளலாம். இதைச் செய்யாவிட்டால் தெரியாத பல்லின் மேல் செயினைக் கம்பியால் குத்திக் குத்தி ஏற்ற வேண்டியதுதான்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ் போட்டுக் கழுவி, காய்ந்ததும் பலகையில் கிடத்தினோம். அழுக்கோடு அளக்கவே கூடாது; கண்ணிகளைக் கோக்கும் பின்னுக்கும் (pin) அதைச் சுற்றியுள்ள சிறு குழாயான புஷ்ஷுக்கும் நடுவில் அடைந்த மசி இடைவெளியை மூடிவிடும், செயின் நல்லது போலக் காட்டும். ஒரு முனையில் ஆணி, மறு முனையைக் கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் இடது விளிம்பிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள பின்னின் இடது விளிம்பு வரை அளக்க வேண்டும்.

புல்லட் செயினின் பிட்ச், அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்குள்ள தூரம், 5/8 அங்குலம், அதாவது 15.875 மி.மீ. 24 கண்ணிக்குப் புதிதில் 381 மி.மீ. 1 சதவீதம் என்றால் 384.8, 1.5 என்றால் 386.7, 2 என்றால் 388.6. 

மூன்று இடத்தில் அளந்ததில் கிடைத்தவை: 385.9, 386.2, 388.0. கடைசி அளவு வந்த இடத்தில் மூட்டுகளில் செம்பழுப்புத் தூள். எண்ணெய் உள்ளே போகாமல் இரும்போடு இரும்பு உரசினால் வரும் தூள் அது. சராசரி பார்த்து ஏமாறக் கூடாது. மோசமான இடத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 1.8 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, செயினுக்கு விடை கொடுத்தாயிற்று.

செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் புஷ்ஷும் கால் மில்லிமீட்டர் தேய்ந்தாலே 1.5 சதவீதம் வந்துவிடும். 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை வாங்கிய புஷ் ரோலர் செயினின் அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான், தேய்மானமும் அதே இடத்தில்தான்.

இரண்டு கண்ணியை வெட்டிவிட்டு ஓட்டுங்கள் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 100 கண்ணிச் செயின் 2 சதவீதம் நீண்டால் கூடுவது 31.75 மி.மீ.; அது சரியாக இரண்டு கண்ணி நீளம். வெட்டும் அளவுக்குத் தளர்ந்துவிட்டதென்றால் அந்தச் செயினின் ஆயுள் முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஜனவரி 14

இன்று பற்கள். கொக்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால்தான் பார்வை சரியாக விழும். முன் ஸ்ப்ராக்கெட் செயினை இழுக்கிறது. சுற்றும் திசையை நோக்கிய முகம் குழிந்து, நுனி முன்பக்கம் வளையும். பின்னால் நேர்மாறு: செயின் பல்லை இழுக்கிறது, நுனி சுற்றும் திசைக்கு எதிராகச் சாயும்.

38-க்கும் 16-க்கும் ஒரு விசேஷம், இரண்டுமே இரட்டைப்படை. செயினின் கண்ணி எண்ணிக்கையும் இரட்டைப்படைதான். விளைவு, ஒரு பல்லில் எப்போதும் உள்தகட்டுக் கண்ணியே உட்காரும், பக்கத்துப் பல்லில் எப்போதும் வெளித்தகட்டுக் கண்ணி. தேய்ந்த செயினில் உள்கண்ணியின் நீளம் மாறுவதில்லை. புஷ்கள் அதே தகட்டில்தான் இருக்கின்றன. நீள்வதெல்லாம் வெளிக்கண்ணி. அதனால் பற்கள் ஒன்று விட்டு ஒன்று வேறு மாதிரி தேயும். இந்த டிரம்மில் வெர்னியர் வைத்துப் பல்லின் நடு உயரத்தில் அளந்ததில் அடுத்தடுத்த பற்களுக்கு நடுவே 0.2 மி.மீ. வரை வித்தியாசம். கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரிகிறது.

இதனால்தான் பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு சில புல்லட்டுகள் திடீரென்று கரகரக்கின்றன. செயின் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். கழற்றும் முன் ஒரு பல்லிலும் அதில் உட்கார்ந்த கண்ணியிலும் ஒரு பொட்டு பெயின்ட் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. 17 பல் முன் ஸ்ப்ராக்கெட் போட்டால் முன்பக்கம் இந்தப் பாகுபாடு தானாகவே போய்விடும், கியர் கொஞ்சம் நீளும்.

டிரம் பிழைக்குமா என்று பார்க்கச் சிறந்த வழி புதுச் செயினைச் சுற்றிப் பார்ப்பதுதான். இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்தால் எல்லா ரோலரும் பள்ளத்தில் அடிவரை உட்கார வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு தூக்கி நின்றால் பல்லின் பிட்ச் கெட்டுவிட்டது. அதில் புதுச் செயின் போட்டால் பாரம் ஒன்றிரண்டு பற்களில் மட்டும் விழும், செயினும் வேகமாகப் போகும். இங்கே எல்லாம் உட்கார்ந்தன. டிரம் இருக்கட்டும்.

பல்லின் பக்கவாட்டு மட்டும் ஒரு பக்கம் பளபளக்கிறது. சக்கரம் கோணலாக நின்றிருக்கிறது.

முன் ஸ்ப்ராக்கெட்டைப் பின்னாலிருந்து டார்ச் அடித்து, விரல் நுனியால் தடவினால் கொக்கி தட்டுப்படுகிறது. பிரித்தே ஆக வேண்டும்.

ஜனவரி 17

எண்ணெயை வடித்து, ஒற்றை நட்டைக் கழற்றிப் பிரைமரி கவர், பிறகு மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர், ரோட்டார். எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டும் கிளட்ச்சும் ஒன்றாகத்தான் வரும், நடுவில் இருப்பது மூட்டில்லாத இரட்டைச் செயின். கிளட்ச் மையத்தைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு எடுக்க வேண்டும், நெம்பக் கூடாது. உள்கவரை எடுத்தால் 16 பல் எதிரில். அதை மாற்றிவிட்டு, கவர் மூடும்போது பிரைமரி செயினின் ஆட்டம் 6 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்துவிட்டோம்.

ஜனவரி 18

பின்செயின் மாட்டியாயிற்று. லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்செயினில் அது வண்டியின் முன்பக்கம். மாற்றிப் போட்டால் எங்காவது உரசித் திறந்துகொள்ளும்.

ஆக்ஸிலின் (சக்கர அச்சின்) இரண்டு பக்கமும் நத்தை கேமில், அதாவது சக்கரத்தை முன்பின் நகர்த்தும் பள்ளம் வெட்டிய தகட்டில், ஒரே பள்ளத்தில் வைத்தால் போதும் என்பது பாதி உண்மை. பின்சக்கரத்தைத் தாங்கும் பழைய ஸ்விங் ஆர்ம் வளைந்திருந்தால் பள்ளம் பொய் சொல்லும். முன்பின் இரண்டும் 3.25-19 டயர் என்பதால் நேரான பலகையை ஓரமாக வைத்து, நான்கு இடத்திலும் டயரைத் தொடுகிறதா என்று பார்த்தோம். இடது கேமை ஒரு பள்ளம் நகர்த்திய பிறகுதான் தொட்டது.

தளர்வு, இறுக்கமான இடத்தில் 25 முதல் 30 மி.மீ. வண்டிக்காரர் ஏறி உட்கார்ந்த பிறகும் கொஞ்சம் ஆட்டம் மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங்தான் அடி வாங்கும். சக்கரம் நகர்ந்ததால் பிரேக் ராடின் நட்டையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். பலர் மறப்பது இதை.

ஜனவரி 31

புதுச் செயின் படிந்துவிட்டது, தளர்வு 35-க்கு வந்திருந்தது. ஒரு பள்ளம் நகர்த்தினோம். செயின் நீளத்தில் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் ஆக்ஸில் பின்னால் போகும்; 100 கண்ணியில் 1 சதவீதத்துக்கு 8 மி.மீ. இன்றைய ஆக்ஸில் இடத்தை ஸ்விங் ஆர்மில் மெல்லிய கோடாகக் கீறி வைத்திருக்கிறோம். அது 8 மி.மீ. தாண்டினால் ஸ்கேலை எடுத்து 24 கண்ணி அளக்க வேண்டும், 12-ஐ நெருங்கினால் புதுச் செயின். அதுவரை 90 கியர் ஆயில், வண்டி ஓடிச் சூடாக வந்து நின்றதும், தகடுகளின் இடுக்கில் சொட்டுச் சொட்டாக.