டெக்சாஸ் தோட்டத்துக் குழாயும் பாலக்கோட்டு மாமாவும்

டெக்சாஸில் வீடு வாங்கிய கொஞ்ச நாளில் தண்ணீர்த் துறையிலிருந்து கடிதம் வந்தது. புல்வெளி ஸ்பிரிங்க்ளர் லைனில் இருக்கும் பேக்ஃப்ளோ (தண்ணீர் பின்னோக்கி ஓடுவது) தடுப்பு வால்வைச் சோதித்து அறிக்கை தர வேண்டுமாம். தருமபுரி மாவட்டத்துக்காரனுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதுதான் கவலை. வந்த தண்ணீர் திரும்பிப் போய்விடுமோ என்று அரசாங்கம் கவலைப்படுவது எனக்குப் புதுசு.

வீட்டுப் பக்கவாட்டில் இரண்டு குழாய்கள் மண்ணிலிருந்து எழும்பி நிற்க, நடுவே குல்லா போட்ட ஒரு பித்தளை வால்வு. பாலக்கோட்டில் இருக்கும் தாய்மாமாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். கிணற்று மோட்டாரோடு காலம் தள்ளியவர்.

"மாப்ளே, இது நம்ம புட்வால்வு மாதிரிதானே? ஏத்துன தண்ணி எறங்காம புடிக்கும். ஆனா மேல எதுக்கு ஓட்டை?"

சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். தெருவில் மெயின் குழாய் உடைந்தாலோ, தீயணைப்பு வண்டி மொத்தமாக இழுத்தாலோ லைனில் அழுத்தம் விழும். அப்போது புல்லுக்குப் போட்ட உரமும் நாய் மூத்திரமும் ஊறிய தண்ணீர் ஸ்பிரிங்க்ளர் வழியே குடிதண்ணீருக்குள் உறிஞ்சப்படலாம். "சக்‌ஷன் பைப்பு ஏர் வாங்கினா மோட்டார் தண்ணி இழுக்காதுல்ல மாமா? அதை இங்க வேணும்னே செய்யறாங்க" என்றேன். அழுத்தம் விழுந்ததும் உள்ளே மேலும் கீழும் நகரும் அடைப்பான், அதாவது பாப்பெட், கீழே இறங்கும், மேல் ஓட்டை வழியே காற்று புகும், உறிஞ்சல் அறுந்துவிடும். அதனால்தான் இந்த வகையைத் தோட்டத்தின் மிக உயரமான ஸ்பிரிங்க்ளர் தலையைவிட 12 அங்குலமாவது மேலே வைக்கச் சொல்கிறார்கள். புட்வால்வு ஒழுகினால் சாணி கரைத்து ஊற்றிச் சமாளித்த மனுஷன். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

2021 பிப்ரவரி உறைபனிக்குப் பிறகு இங்கே இந்த வால்வைப் பற்றித் தெரியாத வீட்டுக்காரர் குறைவு. உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்து விரிந்தால் பெரும்பாலும் முதலில் போவது பிளாஸ்டிக் மூடியும் பாப்பெட்டும்தான். அந்த மட்டில் தப்பித்தால் ரிப்பேர் கிட் போதும். வால்வின் உடலில் பொறித்த மாடல் எண்ணையும், முக்கால் அங்குலமா ஒரு அங்குலமா என்ற அளவையும் பார்த்து வாங்க வேண்டும். கண்ணளவில் வாங்கினால் மரை சேராது. தண்ணீரை அடைத்து, பக்கத்தில் இருக்கும் டெஸ்ட் காக் என்ற சின்னச் சோதனைத் திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் மூடியைக் கழற்றணும். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உட்காரும் இடத்தில் மணல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ், வாசலின் ஆகாது. திரும்பத் திறக்கும்போது குல்லாவுக்கடியில் கொஞ்சம் பீறிடும், பயப்பட வேண்டாம். அழுத்தம் ஏறியதும் பாப்பெட் மேலே போய் அடைத்துக்கொள்ளும். பித்தளை உடலே விரிந்திருந்தால் உரிமம் உள்ளவரைக் கூப்பிடுவதே உத்தமம். சோதனைக்கு எப்படியும் மாநில உரிமம் பெற்றவர்தான் வர வேண்டும். கருவியை மாட்டி எண் குறித்துக் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறார். பில் மட்டும் கசக்கிறது.

ஊருக்குப் போனபோது மாமா வீட்டுக் குழாய்களை வேறு கண்ணால் பார்த்தேன். போர் தண்ணீரும் ஒகேனக்கல் தண்ணீரும் ஒரே டேங்குக்கு ஏறும்படி லைனைச் சேர்த்து வைத்திருந்தார்கள், நடுவில் ஒரு கேட் வால்வோடு. அதை மூட மறந்தால், நல்ல தண்ணீர் வராத நேரத்தில் மோட்டார் தள்ளும் உப்புத் தண்ணீர் தெரு லைனுக்குள்ளேயே போகும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம்; பழுப்பேறிய பற்களைப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்து வளர்ந்தோம். அதற்காகவே காவிரியிலிருந்து கொண்டுவந்து 2013இல் தொடங்கி வைத்ததுதான் ஒகேனக்கல் திட்டம். போதாக்குறைக்கு, தெருக் குழாயிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சும் வீடுகள். விரிசல் விட்ட பைப்பு சாக்கடையில் கிடந்தால் அந்த உறிஞ்சலுக்குச் சாக்கடையும் வரும்.

தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் என்ஆர்வி வால்வு ஒன்று போடலாம் என்றேன். "குப்பை மாட்டினா அது வாயத் தொறந்துக்கும் மாப்ளே. ரெண்டையும் பிரிச்சுடலாம்" என்றார் மாமா. அவர் சொன்னதுதான் சரி. கேட் வால்வைக் கழற்றி இரண்டு முனையிலும் எண்ட் கேப் போட்டோம். நல்ல தண்ணீருக்கு மாடியில் தனியாக ஒரு சின்ன டேங்க் ஏறியது.