பிதுரு என்றால் வைக்கோல்

ஜனவரி 28, செவ்வாய்

கிளினிக். காலை ஐந்தரைக்குப் போய் நம்பர் எடுத்து, பதினொன்றரைக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். வலக்கண்ணில் வெண்புரை முற்றிவிட்டதாம், இடக்கண்ணில் இப்போதுதான் தொடக்கமாம். இதையேதான் ஆவணியிலும் சொன்னார்கள். ஒப்பரேசனுக்குத் திகதி இல்லை, லென்ஸ் வரவில்லை. போன் வரும், வந்ததும் உடனே வந்து படுக்க வேண்டும் என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பித் தந்தது அந்தப் பிள்ளை.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். போன் வந்தாலும் வராவிட்டாலும் மாசிக்குள் நுவரெலியாப் பெரிய மலைக்கு, அந்தப் பீதுருதாலகாலைக்குப் போவது. இவரிடம் சொன்னேன். "கண்ணைச் செய்துபோட்டுப் போனால் வடிவாகத் தெரியுமெல்லோ" என்றார். நியாயம்தான். ஆனால் சித்திரை பிறந்தால் அங்கே மழையும் முகிலும். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை இவரிடம் சொல்லவில்லை. கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர இவர் இப்போது இரண்டு தரம் நிற்கிறார்.

ஜனவரி 30, வியாழன்

போன் வரவில்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

சின்னவன் வந்திருந்தான். மலைக் கதையைச் சொன்னேன். கையோடு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டான். உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீற்றரில் என்று வருமாம். மலை 2524 மீற்றர். வர்க்கமூலம் 50 சொச்சம். பெருக்கினால் 179. கொழும்புக் கடல் அங்கிருந்து சுமார் 100 கிலோமீற்றர்தான். "கணக்குப்படி கடல் தெரியும் அம்மம்மா" என்றான். கிளிநொச்சி தெரியுமா என்று கேட்டேன். தேசப்படத்தில் அடிமட்டம் வைத்து அளந்தான். 260க்கு மேல் வந்தது. "அது பூமி வளைவுக்குக் கீழே போயிடும்." இந்தியாவையும் அளக்கச் சொன்னேன். அதுவும் எட்டாது.

அம்மாவுக்கு வர்க்கமூலம் தெரியாது. கைநாட்டு. கந்தப்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்துக் கோடியில் நின்றால் பெரிய மலை தெரியும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் காட்டுவாள். "அதுக்கு மேல ஏறிட்டா கடலு தெரியும்டி. அக்கரையே தெரியும்." அவள் ஏறியவளில்லை. மலையேற லீவு எங்கே? யார் உனக்குச் சொன்னது என்று நான் கேட்டதுமில்லை. கேட்கிற வயது வருவதற்கு முன் 74 பஞ்சம் வந்துவிட்டது.

பாதி சரி சொல்லியிருக்கிறாள். கடல் சரி, அக்கரை பிழை.

பெப்ரவரி 6, வியாழன்

நெல்லுக்கு விலை அறிவித்துவிட்டார்கள். கிலோவுக்கு நாடு நெல் 120, சம்பா 125, கீரிச் சம்பா 132. காலையிலிருந்து இவருக்கு இதே கதை. வெட்டு மெசினுக்கு எவ்வளவு, பசளைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று கழித்துக் கழித்துப் பார்த்தால் கடைசியில் மிஞ்சுகிறது வைக்கோல்.

நல்ல நேரம் பார்த்து நான் ஒன்று சொன்னேன். பீதுருதாலகாலை என்று நீங்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினீர்களே, அதில் பிதுரு என்றால் சிங்களத்தில் வைக்கோல். சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "வைக்கோல் பார்க்கவா அவ்வளவு தூரம்? எங்கட வளவிலேயே கும்பமாய்க் கிடக்குது."

வான்காரத் தம்பி மூன்று நாளுக்கு 70 ஆயிரம் சொன்னான். 65க்கு இறங்கினான். சாப்பாடு எங்களோடு.

பெப்ரவரி 8, சனி

நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனுசன், கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொன்னார். 2500 மீற்றரில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதானாம். ஒக்சிசன் குறைகிறது என்று சனம் சொல்வது இதைத்தான். நல்ல உடம்புக்கு அரை மணி நேரம் போய் வருவதில் ஒன்றுமில்லை. முட்டுக்காரர், அதுதான் இழுப்பு உள்ளவர்கள், நேரே ஏறக் கூடாது. ஒரு இரவு நுவரெலியாவில் தங்கவேண்டும், அது 1868 மீற்றர். அடுத்த நாள்தான் மேலே. மேலே போய் ஓடித் திரியக் கூடாது, பேச்சைக் குறைக்க வேண்டும், பம்ப் கையில் இருக்க வேண்டும். பேச்சைக் குறைப்பதுதான் இவருக்குக் கஷ்டம்.

திரும்பி வரும் வழியில் இவர் புதுக் கதை ஒன்று தொடங்கினார். ரயிலில் போகலாமாம். நானுஓயாவில் ஏறினால் பட்டிப்பொல வருமாம், 1898 மீற்றர், இந்த நாட்டு ரயிலுக்கு அதற்கு மேல் உயரம் இல்லை. "இருந்த இடத்திலேயே உச்சிக்குப் போகலாம், முட்டு வராது." அது ரயிலின் உச்சி, மலையின் உச்சி இல்லை என்றேன். இவருக்கு ரயில் என்றால் ஒரு பைத்தியம். 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்த அன்று சின்னப் பிள்ளைபோல் ஸ்டேசனில் போய் நின்றவர். 23 வருசம் தண்டவாளமே இல்லாத ஊரில் இருந்தவருக்கு அந்த ஆசை இருக்கும்தானே.

சரி, சனிக்கிழமை ரயில், வெள்ளிக்கிழமை மலை. தீர்ந்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொன்றரை மணிபோல் கரண்ட் போனது. நாடு முழுக்கவாம். பாணந்துறையில் மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு போனதுதான் காரணம் என்று மந்திரியே சொல்கிறார். எங்கள் தென்னையில் ஒரு குரும்பை மிச்சம் வைக்காதவற்றின் சொந்தக்காரனாக இருக்கும்.

போனில் சார்ஜ் இல்லை. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்திருந்தால்? ஞாயிற்றுக்கிழமை எடுக்கமாட்டார்கள் என்று இவர் நாலு தரம் சொன்னார்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கோயிலால் வந்து அலுமாரியைக் கிண்டினேன். இந்த வீட்டில் குளிருக்குப் போட ஒரு துணி இல்லை. கிளிநொச்சியில் ஸ்வெட்டர் வைத்திருக்கிறவன் வெளிநாடு போய் வந்தவன்தான். மகளுக்குச் சொல்லி வவுனியாவில் இரண்டு வாங்கினோம். இவருடையது கழுத்தைப் பிடிக்கிறது.

ஒரு கம்பளி இருந்தது. அம்மா மழைக்கு அதைக் கொங்காணி போட்டுக்கொண்டு மலைக்குப் போவாள். 77 கலவரத்தில் லொறியில் ஏறும்போது ஐயா வேறு எதை விட்டாலும் அதை விடவில்லை. கிளிநொச்சி பாரதிபுரத்து வெயிலில் அது யாருக்கு வேண்டும்? ஆனாலும் பெட்டியின் அடியில் கிடந்தது, 32 வருசம். பிறகு 2009 சண்டையில் மாத்தளனில் விட்டது. அதை எழுதத் தொடங்கினால் இந்தக் கொப்பி போதாது.

பெப்ரவரி 13, வியாழன்

போன் வரவில்லை. வெட்டு மெசினும் வரவில்லை.

பெப்ரவரி 17, திங்கள்

இரவு இரண்டு மணிக்கு இவருக்கு முட்டு. கட்டிலில் குந்தியிருந்து மூச்சு எடுத்தார். பம்ப் இரண்டு தரம் அடித்தும் விசில் சத்தம் நிற்கவில்லை. விளக்கைப் போட்டால் எனக்கு விளக்கைச் சுற்றி வளையம், அதன் நடுவில் இவர் முகம். விடிய வான்காரனுக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பின்னேரம் இவர் எடுத்து வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வைக்கோல் தூசுதான் காரணமாம், குளிருக்குப் போனால் சரியாகிவிடுமாம். எந்த டாக்டர் சொன்னது? வயல் வெட்டியாயிற்று, காசு கட்டியாயிற்று, இனி நிற்கக் கூடாது என்கிறார். நான் ஒன்றும் பேசவில்லை. போகக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. இதை இன்று முழுவதும் நினைத்துக்கொண்டே மூன்று கறி வைத்தேன்.

பெப்ரவரி 20, வியாழன்

நுவரெலியா. கை விறைத்துப்போய் எழுதுகிறேன்.

விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். எங்கள் ஒழுங்கையால் ஏறினால் கண்டி வீதி. தினமும் மரக்கறிக்கும் மருந்துக்கும் போகிற வீதி. கண்டி வீதி, கண்டி வீதி என்று வாய் சொல்லும், அது உண்மையாகவே கண்டிக்குப் போகிற வீதி என்று இன்றைக்குத்தான் உறைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரைக்கும் 321 கிலோமீற்றர். இதே வீதியால் மறுபக்கமாக, படங்கு கட்டிய லொறிக்குள், பன்னிரண்டு வயதில் வந்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. படங்குக்குள் எப்படித் தெரியும்?

ஓமந்தை வந்ததும் இவர் கை தன்பாட்டில் சட்டைப் பையைத் தடவியது. அங்கே சோதனைச் சாவடி இருந்தது, இப்போது ஒன்றுமில்லை. வான் நிற்காமல் போனது. இவர் கையை எடுக்க வவுனியா வரை ஆனது.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோபுரத்தை வானுக்குள் இருந்தே கும்பிட்டோம். கண்டியில் சோறு. கம்பளை தாண்டி வளைவுகள் தொடங்கின. புசல்லாவைக்குக் கிட்ட முதல் தேயிலையைக் கண்டதும் தம்பி வானை ஓரம் கட்டி, "அம்மா, உங்கட ஊர் வந்திட்டுது" என்றான். இல்லை, இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் இறங்கி ஒரு கொழுந்தைக் கிள்ளினேன். இரண்டு இலை, ஒரு மொட்டு. கை மறக்கவில்லை, பள்ளிக்கூடம் விட்டு அம்மாவோடு நிரையில் நின்ற கை.

றம்பொடைக்கு மேல் இவருக்குக் காது அடைத்தது. எச்சிலை விழுங்கச் சொன்னேன். வெற்றிலை போட்டவருக்கு எச்சிலுக்கா பஞ்சம்! கிளிநொச்சியில் வாங்கிய பிஸ்கட் பக்கற் வீங்கிப் பலூன் மாதிரி நின்றது. வெளிக் காற்றின் அழுத்தம் குறையக் குறைய உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது, அவ்வளவுதான். இவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்ர நெஞ்சும் இப்பிடித்தானோ?" நான் பக்கற்றை உடைத்து எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தேன்.

கந்தப்பளைக்குப் போவமோ என்று கேட்டார். வேண்டாம். லயம் இருந்தால் ஒரு கவலை, இல்லாவிட்டால் இன்னொரு கவலை.

மூச்சு பரவாயில்லை. இரண்டு போர்வை. தங்குமிடத்துப் பெண் தேத்தண்ணியோடு வந்து எந்த ஊர் என்று கேட்டாள். கிளிநொச்சி என்று இவர் சொன்ன அதே நேரம் நான் கந்தப்பளை என்றேன். அவளோடு பேசப் பேச என் பேச்சு பழையபடி திரும்பிவிட்டது, "என்னாங்க", "வாங்க புள்ள" என்று. இவர் போர்வைக்குள் இருந்து சிரித்தார்.

பெப்ரவரி 21, வெள்ளி

முகில். முகில். முகில்.

ஒழுங்காக எழுதுகிறேன். அடிவாரத்தில் கேற். மேலே ராடாரும் ரிவி கோபுரங்களும் படையினரும், அதனால் நடந்து போக விடமாட்டார்கள், வாகனத்தில்தான் போகலாம். அடையாள அட்டையைக் கேட்டார்கள். தம்பி கொடுத்தான், இவர் கொடுத்தார். என்னுடையதை எடுக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது, குளிராகவும் இருக்கலாம். குடியுரிமை இல்லாமலிருந்து எனக்கு அந்த அட்டை கிடைக்கும்போது 38 வயது. பிறந்த இடம் என்ற இடத்தில் நுவரெலியா, விலாசத்தில் கிளிநொச்சி. பெடியன் இரண்டையும் பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுதிக்கொண்டான். சிங்களத்தில் "கவனமாகப் போங்கள் அம்மா, மேலே குளிர்" என்றான். அவ்வளவுதான். இதற்காகவா இரவு முழுக்க முழித்திருந்தேன்?

பிறகு காடு. எங்கள் வன்னிக் காடு போல் பாலையும் முதிரையும் நிமிர்ந்து நிற்கிற காடு இல்லை. மரமெல்லாம் குட்டை, முறுக்கிப் பிழிந்ததுபோல், உடம்பு முழுக்கப் பாசி. வான் முனகிக்கொண்டு ஏறியது. இவர் பேசவில்லை. டாக்டர் சொன்னதற்காகப் பேசவில்லையா, பேச முடியவில்லையா என்று நான் விரலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நகம் நீலமாகவில்லை.

உச்சி. கதவைத் திறந்தால் வெள்ளை. பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. என் கண்தான் என்று முதலில் நினைத்து இடக்கண்ணால் மட்டும் பார்த்தேன். "முகிலா தம்பி, என்ர கண்ணா?" "முகில்தான் அம்மா. எனக்கும் ஒண்டும் தெரியேல்ல." அதில் ஒரு ஆறுதல். காவலுக்கு நின்ற பெடியன் வெள்ளைக்குள் கையை நீட்டி, இந்தப் பக்கம் கொழும்பு, அந்தப் பக்கம் மட்டக்களப்பு என்று காட்டினான். நாங்களும் தலையாட்டினோம்.

அந்த நேரம் போன். ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன், திங்கள் காலை ஆறு மணிக்கு வந்து படுக்க வேண்டும். ஆறு மாதமாக எடுக்காதவர்கள். சத்தமோ பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவு. நாட்டுக்கே அலை அனுப்புகிற கோபுரங்களுக்குக் கீழே நின்றால் வேறெப்படி இருக்கும்?

ஆக, நாளைக்கே திரும்ப வேண்டும். ரயில் பத்தரைக்கு. அதில் போய் வந்தால் வீடு சேர நடுச்சாமம் தாண்டும்.

இரவு பத்து மணி. இவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். "விடிய ஒருக்கா மேலே போய்ப்போட்டு அப்பிடியே வீட்டை போவம்."

ரயில்?

"ரயில் எங்கே ஓடப்போகுது."

பெப்ரவரி 22, சனி

இவர் வானை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பம்பைக் கையில் வைத்துக்கொண்டு, போ போ என்று கை காட்டினார்.

வெளித்துக் கிடந்தது. புல்லில் உறைபனி, மிதித்தால் நொறுங்கியது. கீழே குன்றும் தேயிலையும் நகரமும். வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மேற்கே பார்த்தேன். மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போய், எல்லாவற்றுக்கும் அப்பால் ஒரு கோடு. மெல்லிய, மினுங்குகிற கோடு. தம்பி கடல் என்றான். நேற்று நின்ற அதே பெடியன், "இல்லை, முகில்" என்றான். எப்போதோ விட்ட சிங்களத்தில், நிச்சயமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான்.

அம்மா, 179 கிலோமீற்றர்.

வானுக்குத் திரும்பினேன். "தெரிஞ்சுதோ?" தெரிந்தது என்றேன். இவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி வடக்கே பார்த்தார். வளைவுக்குக் கீழே போயிடும் என்று சின்னவன் சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை. தம்பி ஹோர்ன் அடித்தான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

வீடு. மாட்டுக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் ஒழுங்காக வைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்குப் பேசினேன், பிறகு தேயிலை பக்கற் ஒன்று கொடுத்தேன்.

ரயில் டிக்கெட் இரண்டும் இந்தக் கொப்பிக்குள் இருக்கிறது.

நாளைக்கு: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, துவாய், கோப்பை, பிரஷர் குளிசை. இவருக்குச் சோறு யார்