பாலும் பல்லும்

ஜூன் 2, 2025, திங்கள்

பாலை விட்டு இன்றோடு மூன்று மாதம். கறியும் முட்டையும் எங்கள் வீட்டில் முதலிலிருந்தே கிடையாது. விடுவதற்கு மிச்சமிருந்தது பால், தயிர், நெய்தான். அதைத்தான் சொந்தபந்தம் யாராலும் தாங்க முடியவில்லை. விலங்கிலிருந்து வருகிற எதையும் தொடாத இந்த வழிக்கு 'நனிசைவம்' என்று அழகான சொல் ஒன்று இருக்கிறது. பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நாமதான் ஏற்கெனவே சைவமாச்சே, அதென்ன நனி?" என்றார். வீகன் என்று சொன்னால் ஏதோ வியாதி என்று நினைத்துக் கொஞ்சம் பரிதாபமாவது படுகிறார்கள்.

இன்று காலை சோயாப் பால் மறுபடி திரிந்தது. டபராவில் ஊற்றிய டிகாக்‌ஷன் மேல் பாலை விட்டதும் முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரண்டு ஆற்று ஆற்றியதும் வெள்ளைத் துணுக்குகள் மேலே வந்து, கீழே பழுப்புத் தண்ணீர் தனியாக நின்றது. டிகாக்‌ஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்தால் சோயாப் புரதம் கட்டிக்கொள்ளும். டோஃபு செய்வதும் ஏறக்குறைய இதே கதைதான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "காலங்காத்தால பனீர் பண்றயா கண்ணு?" என்றாள்.

ஜூன் 4, புதன்

முந்திரிப் பால் திரியவில்லை. ஆனால் தினம் முந்திரி அரைத்துக் காபி குடிக்க நான் என்ன ஜமீனா? வேர்க்கடலைப் பாலில் கடலை வாசனைதான் முன்னால் வந்து நிற்கிறது. தேங்காய்ப் பால் காபியைப் பாயசமாக்கிவிட்டது. கடைசியில் கருப்பட்டி போட்ட கடுங்காபிக்கே வந்துவிட்டேன்.

ஆபீஸ் பக்கத்துப் பேக்கரியிலும் அப்படித்தான். (வெளியூர்க்காரர்களுக்கு: கோயம்புத்தூரில் டீக்கடைக்குப் பேர் பேக்கரி.) மாஸ்டர் இப்போதெல்லாம் என் தலையைப் பார்த்ததுமே கண்ணாடி டம்ளரில் பிளாக் டீயை ஊற்றி வைத்துவிடுகிறார். ஒரு நாளைக்கு நாலு. சில நாள் ஐந்து.

ஜூன் 7, சனி

டீ குடித்த வாய்க்குச் சூயிங் கம் மெல்லும் பழக்கம் காலேஜிலிருந்து. இன்றுதான் அதன் அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். கம் பேஸ், சர்க்கரைக்குப் பதில் சார்பிட்டால், 422, 903. இதில் 422 கிளிசரின். மிருகக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம், தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம். 903 ஒரு பனைவகை மரத்து இலையின் மெழுகு, பிரச்சினையில்லை. இதுவே 901 என்றிருந்தால் தேன்மெழுகு, 904 என்றிருந்தால் அரக்கு, அதாவது பூச்சி சுரப்பது.

பச்சைப் புள்ளி இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். போதாது. நம் நாட்டு உணவு லேபிள் விதியில் அசைவம் என்பதற்கான வரையறையே பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு இதெல்லாம் நீங்கலாக என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. பச்சைப் புள்ளி என் கிளிசரினுக்கு ஜாமீன் கொடுக்கும், அரக்குக்குக் கொடுக்காது. வீகனுக்கென்று தனி முத்திரையும் 2022-இல் தனி விதிமுறைகளும் வந்துவிட்டன. ஆனால் எங்கள் தெருக் கடையில் அந்த முத்திரை போட்ட கம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கம் பேஸ் என்பதற்குள் என்ன இருக்கிறது என்று அட்டை சொல்வதில்லை. பெரும்பாலும் செயற்கை ரப்பர் வகைகள். ஆசாரிகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் இருக்கிற பாலிவினைல் அசிட்டேட்டும் அதில் சேரும். மிருகம் இல்லை, சரி. பிளாஸ்டிக்கை மெல்கிறோம் என்பது வேறு விஷயம்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ஆதியில் சூயிங் கம் செய்தது சிக்கிள் என்ற மரப்பிசினில். அது வேறெதுவும் இல்லை, நம் சப்போட்டா மரம்தான். மெக்சிகோ பக்கத்துக் காடுகளில் பட்டையைக் கீறி வடித்தார்கள். மாயா மக்கள் அதை எந்தக் காலத்திலிருந்தோ மென்றுகொண்டிருந்தார்கள். சாயங்காலம் கொல்லையில் ஒரு பிஞ்சைக் கிள்ளிப் பார்த்தேன். காம்பில் வெள்ளையாக ஒரு சொட்டு நின்றது. விரலில் ஒட்டினது சோப்புப் போட்டும் போகவில்லை. இதற்கும் பேர் பால்தானே. இந்தப் பாலில் எனக்கு ஆட்சேபம் கிடையாது.

ஜூன் 10, செவ்வாய், இரவு 1.40

வியாபாரிகளின் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய நாளை கடைசி நாள். மூன்று வாடிக்கையாளர்கள் இன்று சாயங்காலம்தான் பில்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கூட வேலை பார்க்கும் தம்பி எனர்ஜி டிரிங்க் வாங்கிவந்தான். "அக்கா, இதுல டாரின்னு ஒண்ணு இருக்கு, காளையோட பித்தநீராம், நீங்க குடிப்பீங்களா?" என்று பயம் காட்டினான். பாதிதான் உண்மை. 1827-இல் முதன்முதலில் பிரித்தெடுத்தது எருதின் பித்தநீரிலிருந்து, பேர் வந்ததும் அதனால்தான். இப்போது டப்பாவில் வருவது தொழிற்சாலையில் செய்த செயற்கைச் சரக்கு. குடித்தேன். டப்பாவில் 100 மில்லிக்குக் கஃபீன் 30 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. சட்டம் விடுகிற உச்சமே அவ்வளவுதான்.

குடித்த கொஞ்ச நேரத்தில் கீழ்வரிசை இடதுபக்கப் பல் சுரீரென்றது.

ஜூன் 14, சனி

பல் டாக்டர். கண்ணாடியை வாயில் விட்டதும் முதல் கேள்வி: "வெத்தலை போடுவீங்களா?"

இல்லை என்றேன். கறை அப்படி இருக்கிறதாம், முன்பற்களின் பின்பக்கம் பழுப்பாக. பிளாக் டீ கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் தேயிலையின் டானினைப் பிடித்துக்கொள்ளும், அதனால் பால் சேர்த்த டீயில் அவ்வளவு கறை பிடிக்காது, நீங்கள் காவலை எடுத்துவிட்டீர்கள் என்றார். பசுவை விட்டதற்குப் பல் தண்டம் கட்டுகிறது.

ஸ்கேலிங் செய்தார். டீக்குப் பிறகு தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். எனர்ஜி டிரிங்க் புளிப்பு, எனாமலை இளக்கும், குடித்த அரைமணி நேரத்துக்குப் பிரஷ்ஷைத் தொடாதீர்கள் என்றார். அன்று ராத்திரி நான் செய்தது நேர் எதிர். பல் கூசுகிறதே என்று உடனே போய் அழுத்தித் தேய்த்தேன். சர்க்கரையில்லாத கம் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் மெல்லலாம், எச்சில் ஊறும், நல்லது என்றார். அப்பாடா.

கூச்சத்துக்கு ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார். ஆயிரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

ஜூன் 15, ஞாயிறு

மூடியைத் திறக்கும்முன் பெட்டியைப் படித்தது நல்லதாய்ப் போயிற்று. 'பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் பயன்படுத்த வேண்டாம்.' கிரீமின் வேலையைச் செய்வதே கேசீன்தான். கேசீன் துண்டுகள் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சுமந்துபோய்ப் பல்லில் இறக்கிவைக்கின்றன. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, மறுக்கவில்லை. காபியிலிருந்து துரத்தினேன், மெடிக்கல் ஷாப் வழியாக வீட்டுக்குள் வந்து நிற்கிறது.

டாக்டருக்கு வாட்ஸாப்பில் தயங்கித் தயங்கி எழுதினேன். கோபித்துக்கொள்ளவில்லை. பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் போதும், நரம்பின் கூச்சத்தைத் தணிக்கும், ஆனால் இரண்டு வாரமாவது பொறுக்கணும் என்று பதில் வந்தது.

ஜூன் 17, செவ்வாய்

புது பேஸ்ட் வந்தது. பெட்டியில் பச்சைப் புள்ளி உண்டு, பட்டியலில் பால், தேன், தேன்மெழுகு, அரக்கு எதுவும் இல்லை, அதனால் சரி. என் சின்ன வயதில், பேஸ்ட்டில் எலும்புத்தூள் இருக்கிறது என்று தாத்தா கடைசிவரை பல்பொடியை விடவில்லை. இப்போதைய பேஸ்ட்டுகளில் தேய்க்கும் பொருள் பெரும்பாலும் சுண்ணாம்புத் தூளோ சிலிக்காவோதான். மிருகங்கள் மேல் சோதித்த அழகுசாதனப் பொருட்களுக்கு 2014-லேயே இங்கே தடை வந்துவிட்டது, பேஸ்ட்டும் அந்தக் கணக்கில் சேரும்.

பிரஷ் நைலான். 1938-இல் நைலான் வருவதற்கு முன் நல்ல பிரஷ் என்றால் பன்றிமுடிதானாம். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 28, சனி

கூச்சம் முக்கால்வாசி போய்விட்டது. பிளாக் டீ இரண்டாகக் குறைந்திருக்கிறது, மாஸ்டர் கொஞ்சம் வருத்தத்தில் இருக்கிறார்.

இன்று அந்த ஆயிரம் ரூபாய் கிரீமைத் தேடினேன், பிரிக்காத பெட்டிதானே, கடையில் திருப்பிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று. அலமாரியில் இல்லை. அம்மாவின் பிரஷ் டப்பாவில் இருந்தது, பாதிவரை பிதுக்கி, வாலைச் சுருட்டி, தலைமுடி கிளிப் போட்டு.

"உனக்குத்தான் ஆகாதுன்னியே. எனக்கும் மேல் பல்லு கூசிட்டுத்தான் இருந்துச்சு, இப்ப ஐஸ் வாட்டரே குடிக்கறேன்" என்றாள். அப்புறம் ஃபிரிட்ஜைத் திறந்து நிஜமாகவே குடித்துக் காட்டினாள்.