தையில் வெட்டு, பங்குனியில் மொட்டு: மாடி குண்டுமல்லி கவாத்துக் குறிப்புகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சென்னையில் விடிகாலை வெப்பநிலை 20, 21 டிகிரியில் நிற்கும் நாட்கள்தான் குண்டுமல்லியைக் கவாத்து செய்ய, அதாவது கிளையையும் வேரையும் வெட்டிவிட, சரியான நேரம். பொங்கலுக்குப் பிறகு கிடைப்பது ஐந்தாறு வாரம். மார்ச்சில் பகல் வெயில் 33 டிகிரியைத் தாண்டும், மே மாதம் 37க்கு மேல் போகும். வெட்டுப்பட்ட வேர் புது மண்ணைப் பிடிக்கக் குறைந்தது மூன்று வாரம் வேண்டும். அதற்குள் வெயில் ஏறிவிட்டால், மேலே துளிர் இருக்கும், கீழே தண்ணீர் இழுக்க வேர் இருக்காது. துளிர் ஒரே மத்தியானத்தில் தொங்கிவிடும். அதனால் கிளை வெட்டிய கையோடு வேர் வேலையையும் முடித்துவிட வேண்டும். உரக் கரைசல், பூச்சி மருந்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வயலில் குண்டுமல்லியைக் கார்த்திகையிலேயே, நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டுவது வழக்கம். முன்கூட்டிப் பூ வந்தால் விலை கிடைக்கும். வீட்டுத் தொட்டிக்கு அந்த அவசரம் தேவையில்லை. சென்னையில் மழை டிசம்பர் கடைசி வரை இழுக்கிறது. ஈரத்திலும் மார்கழிப் பனியிலும் வெட்டிய நுனி காயாமல் கறுத்து, மேலிருந்து கீழாகப் பட்டுக்கொண்டே வரும். தை முதல் வாரம் தாண்டி வெட்டினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது.

இந்த முறை வேலை செய்தது நான்கு செடிகளில். இரண்டு, 18 அங்குல சிமென்ட் தொட்டியில் ஐந்து வருடமாக இருப்பவை. மற்ற இரண்டு, 15 அங்குல குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பை) இரண்டு வருடமாக இருப்பவை.

தை 3: தண்ணீர் நிறுத்தம்

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்தியாகிவிட்டது. செடி வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போகும், பழைய இலை தானாகப் பழுத்து உதிரும். தொட்டியில் மண் குறைவு என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் காயப்போடக் கூடாது. நான்காம் நாள் ஒரு குரோ பேக்கில் இலை சுருளத் தொடங்கியது. அதற்கு மட்டும் அரை லிட்டர் ஊற்றினால் போதுமாக இருந்தது.

தை 10: வெட்டு

குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். போன வருடத்துக் கிளையை எவ்வளவு காப்பாற்றினாலும் அதிலேயே நேராகப் பூ வராது. கவாத்தின் காரணமே இதுதான். மனம் வராமல் நுனியை மட்டும் கிள்ளி விட்டால் உயரத்தில் நாலு துளிர் வரும், அடி மொட்டையாக நிற்கும்.

முதலில் பட்டுப்போன குச்சிகள். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பு தெரிந்தால் அடியோடு எடுக்கலாம். அடுத்து, ஒன்றோடொன்று உரசும் கிளைகள், உள்பக்கமாக வளைந்தவை, பென்சிலைவிட மெலிந்த வாதுகள். கடைசியில் மிஞ்சிய ஆறேழு தடித்த கிளைகளை மண்ணிலிருந்து ஒன்றரை அடியில் வெட்டியாயிற்று. குரோ பேக் செடிகள் சிறியவை, அவற்றை ஒரு அடியில் நிறுத்தினேன்.

வெட்டு எங்கே விழுகிறது என்பது முக்கியம். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்ட வேண்டும். அதைவிட உயரமாக விட்டால் அந்தத் துண்டு காய்ந்து பூஞ்சணம் புகும் வாசலாகிவிடும். கணுவை ஒட்டி வெட்டினால் துளிர் வரும் கண்ணே காய்ந்துவிடும். கத்தரி மொண்ணையாக இருந்தால் குச்சி நசுங்கி, வெட்டின் ஓரத்தில் நார் நாராக நிற்கும். அப்படி நின்ற இரண்டு குச்சிகளைச் சாணை பிடித்த கத்தரியால் ஒரு கணு கீழே இறக்கி மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. ஒரு செடி முடிந்து அடுத்ததற்குப் போகுமுன் கத்தரியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். மீதி இருக்கும் இலைகளையும் கையால் உருவிவிட வேண்டும். சிலந்திப் பேன் பழைய இலையின் அடியில்தான் தங்கியிருக்கும்.

வெட்டு வாய்க்குப் பூஞ்சணம் தடுக்கும் போர்டோ பசை பூசினேன். நான்கு செடிக்கு 10 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 100 மில்லி தண்ணீர் தாராளம். மயில்துத்தத்தை 50 மில்லியிலும், நீற்றிய சுண்ணாம்பை இன்னொரு 50 மில்லியிலும் தனித்தனியே கரைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது கிண்ணத்தில் ஊற்றிக் கலக்க வேண்டும். கிண்ணம் பிளாஸ்டிக் அல்லது மண். இரும்பு, அலுமினியம் கூடாது. கலந்த பிறகு பளிச்சென்று தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை கத்தியின் மேல் மெல்லிய செம்பு நிறம் படிந்திருந்தது. துத்தம் அதிகம், சுண்ணாம்பு பழசாகி வீரியம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே பூசினால் பட்டை வெந்துவிடும். சிட்டிகை சிட்டிகையாகச் சுண்ணாம்பு சேர்த்து, கத்தி வெள்ளையாக வந்த பிறகுதான் தூரிகையைத் தொட்டேன். அன்றைக்குக் கலந்ததை அன்றே பூசிவிட வேண்டும். மீந்ததைத் தொட்டி மண்ணில் கொட்டக் கூடாது. செம்பு மருந்து மண்ணில் இருக்கும் நல்ல பூஞ்சைகளையும் கொல்லும்.

தை 11: வேர்

ஐந்து வருடத் தொட்டிகள் இரண்டையும் சாய்த்து, ஓரத்தில் பழைய கத்தியை விட்டுச் சுற்றி, செடியை மண்கட்டியோடு வெளியே எடுத்தேன். கட்டியின் வெளிப்பக்கம் முழுக்க வேர் கயிறு சுற்றியதுபோல ஓடியிருந்தது. அடித்துளை இரண்டையும் வேரே அடைத்திருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி இலை மஞ்சளித்ததற்குக் காரணம் அங்கே கண்ணெதிரே தெரிந்தது. மேலே எந்த உரம் போட்டும் பலன் தராத தொட்டிகளைப் பெரும்பாலும் இப்படிக் கவிழ்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

சுற்றிலும் ஓர் அங்குலம், அடியில் இரண்டு அங்குலம் சீவி எடுத்தாயிற்று. மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பெருவிரல் தடிமன் உள்ள வேரை அரிவாளால் கொத்தாமல் சிறு ரம்பத்தால் அறுப்பது நல்லது, கொத்தினால் பிளந்துவிடும். சீவும்போது வேரில் முண்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மணி கோத்ததுபோல வேரே வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. நல்லவேளையாக மல்லியில் இல்லை. ஆனால் பக்கத்துப் பையில் முடிந்துபோன கத்தரிச் செடியைப் பிடுங்கியபோது அதன் வேர் முழுக்க முண்டு. அவரை, காராமணி வேரில் வரும் முடிச்சோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவரை வேர் முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும், உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முண்டு வேரின் சதையிலேயே வீங்கியது, வேரைக் கிழிக்காமல் வராது.

அந்தக் கத்தரி மண்ணைத் தனியே மூட்டை கட்டி வைத்தாகிவிட்டது. பாலித்தீன் தாள் மூடி வெயிலில் வேகவைக்கத் தை வெயில் போதாது. சித்திரையில் ஈரப்படுத்தி, ஒளி ஊடுருவும் தாளால் காற்றுப் புகாமல் மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் விட வேண்டும். அதுவரை அந்த மண்ணைத் தொட்ட கரண்டியை மல்லிப் பக்கம் கொண்டுவரக் கூடாது.

மறுபடி நடுவதற்கான கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு அரைப் பங்கு. தொட்டி ஒன்றுக்கு வேப்பம்பிண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் 50 கிராம். தென்னைநார்க் கட்டியை ஊறவைத்து மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிய வேண்டும். முதல் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கும், அதில் உப்பும் இருக்கும். எருவில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையைக் கலந்து (10 கிலோ எருவுக்கு 200 கிராம்), லேசாக ஈரம் தெளித்து, நிழலில் சாக்கு மூடி 15 நாள் வைத்திருந்தேன். மார்கழிக் கடைசியிலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும். பாதி மக்கிய சாணம் வேண்டவே வேண்டாம். அது தொட்டிக்குள் சூடு கிளப்பி வெட்டிய வேரை அவிக்கும், வெள்ளைப் புழுவையும் கூடவே கொண்டுவரும்.

அடித்துளையின் மேல் ஓட்டுச் சில்லு கவிழ்த்து, கலவை நிரப்பி, விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிறுத்தி, துளை வழியே வெளியேறும் வரை தண்ணீர். தொட்டியைச் செங்கல் மூன்றின் மேல் ஏற்றி வைத்தேன். பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரோரம். குரோ பேக் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் இதே வேர் வேலை. இன்னொன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மேல்மண் மூன்று அங்குலம் மட்டும் மாற்றி விட்டேன்.

மேல்மண்ணை மூடும் மூடாக்குக்குப் பொங்கல் கரும்பின் தோகையே கிடைத்தது. விரல் நீளத்துக்கு நறுக்கி மூன்று அங்குலக் கனத்தில் பரப்பினேன். தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் போட வேண்டும், ஒட்டினால் பட்டை அழுகும். தோகையை மண்ணுக்குள் கலந்தும் விடக் கூடாது. மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும். மேலே கிடக்கும்வரை நல்லதையே செய்யும்.

தை 24

வேர் தொடாத பையில்தான் முதலில் கண் திறந்தது. இரண்டு நாள் கழித்து மற்றவை. கணுவுக்கு இரண்டாக, அரிசி அளவில், செம்பு கலந்த பச்சையில் துளிர். எல்லாம் முழு வெயிலுக்கு மாறின. மல்லிக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாவிட்டால் கொடியாக நீளுமே தவிர மொட்டு வைக்காது. கீரைக்கும் தக்காளிக்கும் மாசிக் கடைசியில் 50 சத நிழல்வலை கட்டும்போது மல்லியை வலைக்கு வெளியே விடுவது இதனால்தான்.

மாசி 6

துளிர் ஒரு சாண். கடலைப்பிண்ணாக்குக் கரைசல் முதல் தடவை: 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு நீர் சேர்த்து, செடிக்கு ஒரு லிட்டர். பிண்ணாக்கைக் காய்ந்தபடி மண்ணில் தூவினால் எறும்பு வரும். எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி வரும். 15 நாளுக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலை உள்ளங்கை அளவு பெருத்து, மொட்டு தள்ளிப்போகும்.

சிமென்ட் தொட்டி ஒன்றில் இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. போர்வெல் தண்ணீரின் காரத்தன்மையால் இரும்புச்சத்து கிடைக்காமல் போவதன் அடையாளம் இது. இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலை மேல் தெளித்ததும் பத்து நாளில் பச்சை திரும்பியது. இந்த மாதிரித் தண்ணீர் உள்ள வீடுகளில் அடுப்புச் சாம்பலை மல்லிக்குப் போடுவது மேலும் கெடுக்கும், அதுவும் காரம்தான்.

இதே வாரம் காலியாக இருந்த பைகளில் வெண்டையும் கொத்தவரையும் ஊன்றியாயிற்று. வெண்டை ஓரிரவு ஊறி, ஓர் அங்குல ஆழத்தில், குழிக்கு இரண்டு. நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டாம், ஆணிவேர் முறிந்துவிடும். ரோஜாவில் காய்ந்த பூவை மட்டும் கிள்ளினேன். சமவெளியில் அதன் கவாத்துக்கு அக்டோபரே நேரம், இப்போது ஒட்ட வெட்டினால் துளிர் முழுக்கக் கத்திரி வெயிலில் மாட்டும்.

மாசி 25

நுனிகளில் மொட்டு, குண்டூசித் தலை அளவு, மும்மூன்றாக. இந்தக் கட்டத்தில் தினம் ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும். மொட்டின் அடி வீங்கி ஊதா நிறமாகிக் காய்ந்தால் மொட்டு ஈ. மொட்டில் துளையும் நூலாம்படையும் இருந்தால் மொட்டுப்புழு. ஏழெட்டு ஊதா மொட்டுகள் கிடைத்தன. கிள்ளிப் பிளாஸ்டிக் உறையில் கட்டி எறிய வேண்டும், தொட்டியிலேயே போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகித் திரும்ப ஈயாக வரும். மூடாக்கை ஒதுக்கி மேல்மண்ணைக் கிளறி, வேப்பம்பிண்ணாக்கு 50 கிராம் போட்டு மூடினேன். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் 2 மில்லி, வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு. பகலில் தெளித்தால் எண்ணெய் பட்ட இளந்துளிர் கருகும்.

வேர் தொடாத பை இந்த வாரம் பின்தங்கத் தொடங்கியது. காலையில் ஊற்றிய தண்ணீர் ஓரமாகவே இறங்கி அடியில் ஓடிவிடுகிறது, மூன்று மணிக்கே இலை தொங்குகிறது. பையைத் தூக்கினால் ஊற்றிய பிறகும் கனம் இல்லை. நடுவில் வேர்க்கட்டி காய்ந்து தண்ணீரை உள்ளே விடவில்லை. ஒரே மூச்சில் ஊற்றாமல், கால் மணி நேர இடைவெளியில் மூன்று தவணையாக ஊற்றியதும் கொஞ்சம் தேறியது. இப்போது வேரில் கை வைக்க முடியாது, அடுத்த தை வரை இப்படித்தான் ஓட்ட வேண்டும்.

பங்குனி 9

வேர் சீவிய மூன்று செடிகளிலும் முதல் பறிப்பு. விடியுமுன், முழுதாகப் பருத்து வெள்ளையாகிய ஆனால் விரியாத மொட்டாகப் பறித்தால்தான் சாயங்காலம் வரை கட்டு தாங்கும். காம்பு இன்னும் பச்சை பாய்ந்திருந்தால் ஒரு நாள் விட்டுவைக்கலாம். பூ முடிந்த நுனிகளை இரண்டு கணு கீழே கிள்ளிக்கொண்டே வருகிறேன், அந்தக் கணுக்களில் பக்கத் துளிர் கிளம்பும் அடையாளம் தெரிகிறது. கரைசல் அடுத்த முறை பங்குனி 20.