ஒரு வரி விடாமல்

"நான் சொன்னத அப்படியே எழுதுனியாம்மா?" என்று அந்த அக்கா கேட்டார். "ஒரு வரி விடாம எழுதியிருக்கேன்க்கா" என்றேன். 2012இல் நாகப்பட்டினம் கடற்கரையில், சிறு அளவிலான மீன்பிடிப்புக்கான சர்வதேச நெறிமுறைகளுக்குக் கருத்துக் கேட்கும் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த பேச்சு இது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் பதில் என்னை உறுத்துகிறது.

அவர் சொன்னது இதுதான்: "விடியக்காலம் மூணு மணிக்கு ஏலத்துக்கு வந்தா, மீனை வித்துட்டு வீடு திரும்ப மதியம் ஆயிடும். ஒதுங்க எடம் கிடையாது. அதனால முந்தின ராத்திரிலேர்ந்தே தண்ணி குடிக்கிறதில்ல." நீர்க்கடுப்பில் துடித்த இரவுகளைப் பற்றியும் சொன்னார். அவர் பேசி முடித்தபோது, காலையில் அவர் முன் வைத்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் எழுதவில்லை. குறிப்பேட்டில் நான் எழுதியது, மீன் இறங்குதளங்களில் பெண்களுக்கான அடிப்படை வசதிகள் போதவில்லை என்ற ஒற்றை வரி, அதுவும் ஆங்கிலத்தில்.

இதற்கு என்னிடம் நியாயம் இல்லாமல் இல்லை. ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் நடத்திய அந்தக் கலந்தாய்வில் 120க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 4,000க்கும் அதிகமானோர் கருத்துச் சொன்னார்கள். குடிமைச் சமூக அமைப்புகளே தங்கள் நாடுகளில் இருபதுக்கும் மேற்பட்ட கூட்டங்களை நடத்தின. அவற்றில் எழுந்த குரல்களையெல்லாம் தொகுத்து அந்த நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ரோமுக்கு அனுப்ப வேண்டுமென்றால், அங்கே வரிக்கு வரி பேரம் பேசும் அரசுப் பிரதிநிதிகள் தள்ளிவிட முடியாத சொற்களில் அவை இருந்தாக வேண்டும். ஒரு பெண்ணின் நீர்க்கடுப்பை எந்த அரசும் தன் கடமையாக ஏற்றுக் கையெழுத்திடாது என்றும், "அடிப்படை வசதி" என்றால் ஏற்கும் என்றும் எனக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது, நானும் அதை நம்பினேன். பெண்கள் மட்டும் இருந்த கூட்டத்தில் அவர் கூச்சத்தை விட்டுச் சொன்னதை ஊர் அறிய எழுதலாமா என்ற தயக்கமும் இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அப்படியே எழுதச் சொன்னவரே அவர்தான் என்னும்போது, அந்தக் கூச்சம் யாருடையது?

2014 ஜூன் மாதம் உணவு வேளாண் நிறுவனத்தின் மீன்வளக் குழு அந்த நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், சென்னையிலிருந்து மீன் தொழிலாளர்களுக்காக உழைத்துவந்த சந்திரிகா சர்மா, காணாமல் போன மலேசிய விமானத்தில் இருந்தார். அதே நிறுவனத்தின் பிராந்திய மாநாட்டுக்காக மங்கோலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆவணம் அவருக்கே அர்ப்பணிக்கப்பட்டது. அந்தப் பெயரைப் படித்து அழுதுவிட்டு 7.2ஆம் பத்திக்கு வந்தேன். மீன்பிடிப்புக்குப் பிந்தைய தொழிலில் பெண்கள் தங்கள் வாழ்வாதாரத்தைக் காத்துக்கொள்ளவும் மேம்படுத்திக்கொள்ளவும், அவர்களுக்கு ஏற்ற வசதிகளும் சேவைகளும் கிடைப்பதை அரசுகள் உறுதிசெய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த அக்காவின் சொல் ரோம் வரை போய்விட்டதென்று அன்று முழு மனதோடு மகிழ்ந்தேன். அந்த வரி எத்தனையோ நாட்டுப் பெண்கள் சொன்னதிலிருந்து வந்திருக்கும் என்பதும், அதில் என் குறிப்பின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்பதும் பிறகுதான் உறைத்தன.

சில ஆண்டுகள் கழித்து ஒரு கூட்டத்தில் அந்தப் பத்தியைக் காட்டிப் பேசினேன். எதிரில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வசதி செஞ்சு கொடுத்திருக்கோமே மேடம், பெண்களுக்குன்னே ஓய்வுக் கொட்டகை கட்டியிருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, கொட்டகை இருந்தது. கழிப்பறை என்று எழுதியிருந்தால் அவரால் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது என்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்தேன். அந்த நெறிமுறைகள் நாடுகள் தாமாக முன்வந்து பின்பற்ற வேண்டியவை, யாரையும் கட்டுப்படுத்தாதவை. ஆகவே எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும் ஒன்றுதான் என்றும் நினைத்தேன். ஆனால் அந்தப் பத்தி இல்லையென்றால் அந்த அதிகாரியின் எதிரில் உட்காரும் இடம்கூட எனக்குக் கிடைத்திருக்காது.

அந்த அக்காவிடம் அதைப் படித்துக் காட்ட வேண்டுமென்று 7.2ஆம் பத்தியை மூன்று முறை தமிழில் எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் "வசதிகள்" என்ற இடத்தில் கை நின்றுவிடுகிறது. அங்கே கழிப்பறை என்று எழுதினால், மூலத்தில் இல்லாததை எழுதியவளாவேன். வசதிகள் என்றே எழுதினால், தான் சொன்னது எங்கே என்று அவர் கேட்பார்.