சாயங்காலம் வா

மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்கு வாத்தியார் வேலைக்குப் போகலாமா, கையில் ஏதாவது மிஞ்சுமா என்று யாராவது கேட்டால் நான் கணக்குதான் சொல்வேன். சம்பளம் அந்த ஊர்ப் பணமான ருஃபியாவில் வரும், வீட்டுக்கு அனுப்ப டாலர் வேண்டும், வங்கியில் டாலருக்கு 15.42 என்று போட்டிருக்கும் விலைக்கு நமக்கு வேண்டிய அளவு டாலர் கிடைக்காது, வெளியே வாங்கினால் கூடக் கொடுக்க வேண்டும். கேட்கிறவருக்கே இதில் பாதி தெரிந்திருக்கும். அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குப் பாடம் இருபடிச் சமன்பாடு, வர்க்கப் பூர்த்தி முறை. எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஆறு எக்ஸ் என்று இருந்தால் ஆறில் பாதி மூன்று, மூன்றின் வர்க்கம் ஒன்பது, அந்த ஒன்பதை இரண்டு பக்கமும் கூட்டு. எழுதிவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது வரிசையில் ஒரு கை. "ஏன் சார் பாதி எடுக்கிறோம்?"

எத்தனையோ வருடமாக இந்தப் பாடம் நடத்துகிறேன். எப்படிச் செய்வது என்று கேட்பார்கள், இது தேர்வில் வருமா என்று கேட்பார்கள். ஏன் பாதி என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் சொன்ன பதில் இது: "அதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். சாயங்காலம் வா, படம் போட்டுக் காட்டறேன்."

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். "பரவாயில்லை சார், இப்படியே செஞ்சுக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. சத்தம் இல்லை, யாரும் சிரிக்கவில்லை. ஆனால் 'சாயங்காலம்' என்றால் என்ன என்று அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். என் அறையில் டியூஷன் நடக்கும் நேரம் அது. அதே வகுப்பிலிருந்து ஆறு பேர் வந்துகொண்டிருந்தார்கள், மாதம் பிறந்தால் கவரில் பணம் கொடுத்து.

நான் அவனைச் சும்மா வரச் சொன்னேனா, காசு கொடுத்து வரச் சொன்னேனா? நேர்மையாகச் சொன்னால், சொன்ன நேரத்தில் இரண்டுமே என் மனதில் இல்லை. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. வந்திருந்தால் நிச்சயம் காசு வாங்கியிருக்க மாட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் வந்து, அப்புறம் மறுநாளும் வந்திருந்தால்? காசு கொடுக்கிற ஆறு பேர் நடுவில் அவனை எங்கே உட்கார வைத்திருப்பேன்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன்தான் அந்த ஒரு நொடியில் என்னைவிட வேகமாக யோசித்துவிட்டான் போல.

டியூஷனே தப்பு என்று சொல்பவர்களிடம் எனக்கு இன்னமும் கோபம் வரும். நான் போனது 2022-இல். மாலே தீவு மொத்தம் சுமார் 2 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு அறைக்குக் கேட்கிற வாடகையில் ஊரில் ஒரு குடும்பமே வசதியாக இருக்கலாம். வீட்டுப்படி என்று பள்ளி கொடுத்ததோடு இன்னொரு பங்கு சேர்த்தால்தான் மூன்று ஆசிரியர்கள் பங்கு போட்ட வீட்டில் எனக்கு ஒரு அறை. 2018-இல் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேவுக்குப் பாலம் திறந்த பிறகு அங்கே வாடகை குறையும் என்று எதிர்பார்த்ததாக எனக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். தக்காளி, வெங்காயம் முதற்கொண்டு கப்பலில் வரவேண்டும். நான் வந்த மறு வருடம் ஜனவரியில் ஜி.எஸ்.டி.யையும் 6 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால், மனைவி மக்களை விட்டு வந்ததற்குப் பேசாமல் ஊரிலேயே இருந்திருக்கலாம். டியூஷன் நடக்கிறது என்று பள்ளிக்கும் தெரியும், தெரியாதது போல இருந்துகொண்டார்கள். ஆக, சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்ததில் எனக்கு வெட்கம் இல்லை.

இப்படி எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் கேட்டது சாயங்காலம் இல்லையே. காலையில், என் பாடவேளையில், அதற்கென்று எனக்குச் சம்பளம் கொடுக்கிற நேரத்தில் கேட்டான்.

நேரமில்லை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது, அதனால் சொன்னேன் என்று. பல மாதம் கழித்து எதையோ தேடும்போது அந்த வாரத்துப் பாடக் குறிப்பேடு கையில் பட்டது. அந்தக் கேள்விக்குப் பிறகு நான் இன்னும் மூன்று கணக்கு போட்டிருக்கிறேன், மூன்றும் அதே மாதிரிக் கணக்குகள். ஐந்து நிமிடத்தில் மூன்று கணக்கு போட முடியாது. ஒருவேளை இரண்டை வீட்டுப்பாடமாகக் கொடுத்து, போட்டதாக எழுதினேனோ என்னவோ. இருக்கலாம். குறிப்பேட்டில் எல்லாம் உண்மையாக எழுதுகிற ஆள் இல்லை நான்.

படம் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சதுரம், பக்கம் எக்ஸ். அதன் பக்கத்தில் ஆறு அகலத்தில் ஒரு பட்டை. பட்டையை நடுவில் வெட்டி, ஒரு பாதியைச் சதுரத்தின் வலது பக்கமும் இன்னொரு பாதியைக் கீழேயும் ஒட்டினால் பெரிய சதுரம் வந்துவிடும், மூலையில் மூன்றுக்கு மூன்று மட்டும் காலி. அந்தக் காலி இடம்தான் ஒன்பது. நான்கு நிமிடம். அடுத்த வாரம் வகுப்பு முழுவதற்கும் போட்டுக் காட்டினேன், பரிகாரம் மாதிரி. அவனும் குனிந்து வரைந்துகொண்டான். புரிந்ததா என்று பொதுவாகக் கேட்டேன், எல்லோரும் தலையாட்டினார்கள். அதன் பிறகு அவன் என் வகுப்பில் கை தூக்கியதாக நினைவில்லை. அந்த வயதில் பையன்கள் பேச்சைக் குறைப்பார்கள்தான், எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வதும் ஒருவகைத் தற்பெருமை.

அவன் நாங்கள் இருந்த கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே இருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தெற்கே ஹுவதூ பக்கம் ஒரு தீவில் சொந்த வீடு உண்டாம், கிணறும் மரங்களும் இருக்குமாம். பையனின் படிப்புக்காக அம்மாவும் அவனும் மாலே வந்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அப்பாவுக்கு எங்கோ ஒரு ரிசார்ட்டில் வேலை, எப்போதாவது வருவார். பிழைப்புக்காக விலையேறிய தீவுக்கு வந்தவன் என்று என்னைப் பற்றி எத்தனை பேரிடம் புலம்பியிருக்கிறேன்! மேல்மாடியில் அதே வாடகையை ருஃபியா ருஃபியாவாகச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டு ஒருத்தி இருந்திருக்கிறாள், நான் நடத்துகிற பாடத்துக்காக.

ஒரு வெள்ளிக்கிழமை மாடிப்படியில் இருவரும் எதிரே வந்தார்கள். அவன் கையில் தண்ணீர் கேன். அந்த அம்மா நின்று என்னிடம் திவேஹியில் ஏதோ கேட்டார். எனக்கு அந்த மொழி வராது, ஆனால் நடுவில் 'டியூஷன்' என்ற சொல் தெளிவாகக் காதில் விழுந்தது. கடைகளில் விலை கேட்கும்போது சொல்கிற சொல்லும்.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொன்னான்: "நல்லா இருக்கீங்களான்னு அம்மா கேக்கறாங்க சார்."

நானும், "நல்லா இருக்கேன்னு சொல்லுப்பா" என்றேன்.