விசில் வராத குக்கர்
விசில் வராமல் ஓரத்தில் ஆவி கசிகிறதா? பெரும்பாலும் மூடியிலுள்ள ரப்பர் வளையம், அதாவது கேஸ்கட், தளர்ந்திருக்கும். பிரஸ்டீஜின் வெளிமூடி குக்கருக்கும் ஹாக்கின்ஸின் உள்மூடி குக்கருக்கும் கேஸ்கட் வேறு வேறு. கடையில் லிட்டர் கணக்கை மட்டும் சொன்னால் போதாது, மாடல் பெயரும் வேண்டும்.

கேஸ்கட் நன்றாக இருந்தும் விசில் வரவில்லையென்றால் வெயிட் உட்காரும் குழாயைப் பாருங்கள். மூடியை வெளிச்சத்தில் பிடித்தால் துளை தெரிய வேண்டும். பருப்பு நுரைதான் அங்கே காய்ந்து அடைக்கும். ஆகவே பருப்பு, அரிசிக்கெல்லாம் தண்ணீரோடு சேர்த்துப் பாதிப் பாத்திரம்தான் கணக்கு. மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு.

தண்ணீர் வற்றிக் காய்ந்தால் சேஃப்டி வால்வின் நடுவிலுள்ள உலோகம் உருகி ஆவிக்கு வழிவிடும். அந்த ஓட்டையை எம்-சீல் என்ற ஒட்டுப்பசை வைத்து அடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், குக்கர் வெடிக்கும். அதே கம்பெனி வால்வு வாங்கி மாட்டுங்கள்.